பெகாயிமின் அளவு

பதினான்காவது குழந்தையோடு மருத்துவமனையின் சீட்டு ஜன்னல் மூடிவிட்டது. பெகாயிமின் எண் பதினைந்து.

"நான் என்ன பண்ண? மூணு மாவட்டத்துக்கும் இந்த டாக்டர் ஒருத்திதான். என்னைப் பிடிச்சு உலுக்கினா இன்னொருத்தி உதிரவா போறா?" என்றாள் சீட்டு எழுதும் சோனுன்.

புருல்சா சண்டைக்குப் போகவில்லை. ஐந்து வயது மகள் பெகாயிமைக் கையில் பிடித்தபடி மருத்துவமனை வாசலில் நின்றாள். குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி தர மாதம் ஒருமுறை தலைநகரிலிருந்து வரும் மீரிம், திரும்பிப் போக வாடகைக் காரைத்தான் நம்ப வேண்டும். நாலு பேர் சேராமல் அது நகராது. அன்று அவளோடு சேர்த்து இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"குளிர்ல நிக்காதீங்க டாக்டர். வீடு எதிர்லதான். ஒரு வாய் ரொட்டி பிட்டுப் போட்டுட்டுப் போங்க."

ரொட்டியைச் சொல்லி அழைத்தால் அந்த ஊரில் யாரும் தட்ட மாட்டார்கள். கொஞ்சம் கள்ளத்தனம்தான். இருக்கட்டுமே, பெற்றவளுக்கு என்ன வெட்கம்?

வீட்டில் பெகாயிம் வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து கரண்டிகளை அளவுவாரியாக அடுக்கினாள். யார் முகத்தையும் பார்ப்பதில்லை; அம்மா என்று கூப்பிட்டதுமில்லை. போன முறை மீரிம் சோப்புக் குமிழி ஊதிவிட்டுச் சும்மா காத்திருந்தாள். நாலாவது தடவை, 'இன்னொன்று' என்பதுபோலக் குழந்தையின் ஒரு விரல் உயர்ந்தது. அந்த ஒற்றை விரலை நினைத்தே புருல்சா ஒரு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

பால் தேநீரைக் கிண்ணத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றினாள். மீரிம் குடித்துவிட்டு நீட்ட, மறுபடி இரண்டு விரல். மூன்றாவது முறை கிண்ணத்தை நீட்டும்போது மீரிம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா, அடுத்த மாசத்துல இருந்து நான் வரமாட்டேன். இங்க எனக்கு அரை வேலைதான். தலைநகர்லயே முழு வேலை தர்றாங்க. இங்க வேற ஆள் போடுவாங்க."

"யாரை?"

மீரிம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "தெரியலக்கா."

புருல்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்ணம் தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தாள். பாதிக் கிண்ணம் என்றால் இன்னும் இரு. முழுக் கிண்ணம் என்றால் எழுந்து போ. அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும் இது. மீரிமின் காது சிவந்தது. கோட்டை எடுக்கக் கையை நீட்டினாள்.

மூலையில் கரண்டிச் சத்தம் நின்றது. பெகாயிம் எழுந்து வந்து, கிண்ணத்தையே முறைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். விரிப்பெல்லாம் நனைந்தது.

"ஏய், சுடும்டீ!" என்று எழுந்த புருல்சாவை மீரிம் கை காட்டித் தடுத்தாள்.

பெகாயிம் தேநீரைப் பக்கத்துத் தட்டில் கொஞ்சம் கவிழ்த்தாள். தலையைச் சாய்த்து அளவு பார்த்தாள். போதவில்லை, இன்னும் கொஞ்சம் கவிழ்த்தாள். சரியாக இரண்டு விரல் உயரம் வந்ததும் கிண்ணத்தை மீரிமின் பக்கம் தள்ளி வைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் இன்னொருவருக்கு எதையும் கொடுத்ததில்லை.

புருல்சாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாக இருந்தது.

"டாக்டர், அது... கை தவறிடுச்சு."

"தவறலக்கா. தெரிஞ்சுதான் ஊத்தினீங்க," என்று மீரிம் சிரித்தாள். கண் ஈரமாகத்தான் இருந்தது.

வெளியே கார் ஒலி எழுப்பியது. மீரிம் ஜன்னலைத் திறந்தாள்.

"ஆள் சேர்ந்தாச்சும்மா! நீங்கதான் பாக்கி!" என்று ஓட்டுநர் கத்தினார்.

"எனக்குப் பதிலா வேற ஆளை ஏத்திக்கங்கண்ணே!"

"என்ன விளையாட்டும்மா இது!" என்றவரின் குரலை ஜன்னல் மூடிவிட்டது.

மீரிம் உட்கார்ந்து ஒரே மடக்கில் குடித்தாள். காலிக் கிண்ணத்தைப் புருல்சாவிடம் தராமல் குழந்தையின் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பெகாயிம் கிண்ணத்தைப் பார்த்தாள், கெண்டியைப் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து மீரிமின் முகத்தைப் பார்த்தாள்.