மாப்பிள்ளை செய்த கப்பிகள்

அந்தக் கட்டடத்தில் அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் பொய்ப்பல் செய்யும் கூடம் ஒன்றில் குனிந்தே இருந்தவர். ஓய்வு பெற்றதும் அங்கே பழகிய நுண்ணிய துளைக்கருவிகளையும் பூதக்கண்ணாடியையும் வீட்டுக்கே கொண்டுவந்து, மரத்தில் செய்யும் மாதிரிக் கப்பல்களுக்குக் கயிறு மாட்டும் உறுப்புகளைச் செய்ய ஆரம்பித்தார். கப்பலின் உடலையும் பாய்மரத்தையும் கட்டுகிறவர்களே செய்துகொள்வார்கள். கப்பி வேண்டுமென்றால் இவரிடம் வருவார்கள்.

கப்பி என்றால் அரிசியைவிடச் சற்றுப் பெரிய மரத்துண்டு. கயிறு ஓட அதில் ஒரு துளை இருக்கும், சுற்றிக் கட்ட ஒரு பள்ளம் இருக்கும். நீளமான குச்சியில் பள்ளம் கீறி, துளை போட்டு, துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றின் விளிம்பையும் உப்புத்தாளில் உருட்டி எடுக்க வேண்டும். கடைசியில் பள்ளத்தில் நூல் கட்டி, வலைத்துணியில் முடிந்து, மிதக்காமல் இருக்க ஓர் இரும்பு நட்டைச் சேர்த்துக் கட்டி, எண்ணெயில் ஊறப்போட வேண்டும். விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் பெரிய கப்பலின் கப்பியேதான், மழையில் நனைந்து சுருங்கிவிட்டதோ என்று தோன்றும். அதைச் சொல்லிச் சிலர் சிரிப்பார்கள். பல்செட்டுக்காரர் சிரிக்க மாட்டார், ஆனால் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்.

அவருடைய ஒரே மகள் பேருந்து ஓட்டுநர் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். பல்செட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை' என்று அவர் கொடுத்த மரியாதை மட்டும் எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அது ஏன் தூக்கல் என்று மருமகனுக்கும் தெரியும். பதிலுக்கு அவர் ஒன்றும் காட்டிக்கொண்டதில்லை.

மழையில் மகள் வீட்டுக் கூரை ஒழுகி, மேல்தளத்தையே பெயர்த்துப் போட வேண்டியதாயிற்று. வேலை முடியும்வரை இருவரும் இங்கே வந்து தங்கினார்கள். பல்செட்டுக்காரர் வேலை செய்யும் அறையின் மறுபாதியில் அவர்களுக்குக் கட்டில் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில் கையில் ஒரு பெரிய வேலை இருந்தது. துறைமுக அலுவலகத்தின் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகும் கப்பலுக்கு, மூன்று பாய்மரத்துக்கும் கப்பி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மேஜைக்கு வந்தபோது, அறுத்து உருட்டி முடித்த கப்பிகள் இருந்த தட்டு காலியாக இருந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். மேஜையடியில் முட்டிபோட்டார், கட்டிலை நகர்த்தினார், செருப்பைக்கூட உதறிப் பார்த்தார். முன்னறையில் மருமகனின் அப்பா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்க்க வந்திருந்தார். பெரிய துணிக்கடையில் லிப்ட் இயக்கிக்கொண்டிருந்தவர், மனைவி போன பிறகு பையனைத் தனியாளாக வளர்த்தவர். பல்செட்டுக்காரர் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நேராக அங்கேயே இருந்த மருமகனிடம் வந்தார்.

"மாப்பிள்ளை, என் மேஜையைத் தொட்டீங்களா?"

"இல்ல மாமா. காலையில தரையை மட்டும் கூட்டினேன்."

"மேஜையில ஈரத்துணி பட்ட மாதிரி இருக்கே."

"ஓரமா டீ சிந்தியிருந்தது. அதை மட்டும் துடைச்சேன்."

"அப்ப தொட்டிருக்கீங்க."

"தட்டுப் பக்கமே போகல மாமா. சத்தியமா."

"அரிசி மாதிரி இருக்கிற பொருள் மாப்பிள்ளை. பஸ் ஓட்டுற கைக்குத் தட்டுப்பட்டதே தெரிஞ்சிருக்காது. தள்ளிட்டா தள்ளிட்டேன்னு சொல்லிடலாமே. அதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், வளர்ப்பு இருந்தாப் போதும்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அறையில் இன்னொருவர் இருப்பது அவருக்கு உறைத்தது. சம்பந்தி பாதி டீயோடு கோப்பையைக் கீழே வைத்தார். "நான் கிளம்பறேம்மா" என்று மருமகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

"என்னப்பா பேசறீங்க?" என்றாள் மகள்.

மருமகன் அவளைக் கையமர்த்தினார். குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், செய்தித்தாளை விரித்துக் கொட்டி, முட்டை ஓட்டுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவில் விரலால் துழாவினார். பல்செட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை.

"நானாத்தான் இருக்கும் மாமா" என்றார் மருமகன், கையைக் கழுவிவிட்டு வந்து. "தெரியாம நடந்திருக்கும். எப்படிச் செய்யறதுன்னு சொல்லிக் கொடுங்க, ஆளுக்குப் பாதியா செஞ்சு முடிச்சிடலாம்."

அந்த வாரம் மருமகன் வண்டியை ஒப்படைத்துவிட்டு வந்ததும் குளித்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். தடித்த விரலில் கப்பி நிற்காது, வழுக்கி ஓடும். இடுக்கியால் பிடித்தால் நசுங்கும். துளைபோடும் ஊசியை இரண்டு தடவை உடைத்தார். பல்செட்டுக்காரர், "பரவாயில்ல மாப்பிள்ளை" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை பல்செட்டுக்காரர் தன் பங்குப் புதுக் கப்பிகளை ஊறப்போடுவதற்காக எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். கருப்பாக இருந்த எண்ணெய்க்குள் கம்பியை விட்டதும் ஏதோ கனமாக இடித்தது. தூக்கினார். வலைத்துணி முடிச்சு, உள்ளே நட்டு, அதைச் சுற்றி அவருடைய கப்பிகள். எண்ணெய் குடித்து அழகாகச் சிவந்திருந்தன.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை துறைமுகத்திலிருந்து போன் வந்தது. சீக்கிரம் வேண்டும் என்றார்கள். வழக்கமாகக் கப்பியைச் சுற்றி நூல் கட்டின பிறகுதான் எண்ணெயில் போடுவார். அன்றைக்கு அவசரத்தில், காதில் போனை வைத்துக்கொண்டே, முன்கூட்டிப் போட்டுவிட்டார். தன் வேலையின் ஒழுங்கு தப்பவே தப்பாது என்ற நம்பிக்கையில் அந்தப் புட்டியை மட்டும் அவர் தேடவில்லை.

காது மடல் சுட்டது. முதலில் வீட்டில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்த்ததை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கு அதிகம் கூசியது. யாரும் இல்லை. முடிச்சைத் துடைத்து, பழைய பல் அச்சுகள் வைத்திருந்த டப்பாவில் போட்டு, டிராயருக்குள் தள்ளினார்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றிருந்தார். மருமகன் வந்தார், குளித்தார், உட்கார்ந்தார், ஒரு கப்பியின் விளிம்பை உருட்டிக் காட்டி, "இது தேவலையா மாமா?" என்று கேட்டார். பல்செட்டுக்காரர் டிராயரைப் பார்த்துக்கொண்டே, "தேவல" என்றார். மறுநாளும் அப்படியே போயிற்று. அதற்கு அடுத்த நாள், தன் பங்கு முழுவதையும் ஒட்டுத்தாளில் வரிசையாக நிறுத்தி மருமகன் கொண்டுவந்து வைத்தார். பல கோணல். சிலதில் துளை ஓரமாகப் போயிருந்தது. ஒன்றைக்கூட அரைகுறையாக விட்டிருக்கவில்லை.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு பல்செட்டுக்காரர் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, வெறுமனே தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவி கையில் அந்த டப்பாவோடு வந்து நின்றாள். டிராயரின் அடியில் எண்ணெய் கசிந்து அவள் புடவையில் கறை பட்டிருந்தது.

"இது என்னங்க?"

அவர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"எப்பக் கிடைச்சது?"

"செவ்வாய்க்கிழமை."

அவள் டப்பாவை அவர் கையில் திணித்தாள். "அந்தப் பிள்ளை நேத்து வரைக்கும் கண்ணைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருந்தானே. பாத்துக்கிட்டா இருந்தீங்க? சொல்லுங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மருமகனுக்கு அன்று மத்தியானப் பணி. சமையலறையில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள். பல்செட்டுக்காரர் டப்பாவைத் திறந்து அடுப்புமேடையில் வைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நான்தான் போட்டிருக்கேன். எண்ணெயில. மறந்துட்டேன். கிடைச்சு மூணு நாளாச்சு. சொல்ல வாய் வரல."

மகள், "அப்பா" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மருமகன் ஒரு கப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார். குரலில் குத்தல் இல்லை, அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

"உங்களோடதையே கப்பலுக்குக் கொடுத்திடறேன் மாப்பிள்ளை."

"வேண்டாம் மாமா. என்னோடது கோணல். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாவம் பாத்துப் போடாதீங்க." கையைக் கழுவினார். "என்னை விடுங்க. எங்கப்பா அன்னிக்குப் பாதி டீயை வச்சிட்டுப் போனாரே, அவர்கிட்ட சொல்லுங்க."

பல்செட்டுக்காரர் அன்றைக்கே போனார். சம்பந்தி இருந்தது மாடியில் ஓர் ஒற்றை அறை. கதவைத் திறந்தவர், "வாங்க" என்று சொல்லி, இருந்த ஒரே நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தான் கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் மருமகன் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கும் படம் மாட்டியிருந்தது. காலர் இஸ்திரி போட்டு மடிப்பு நின்றது.

பல்செட்டுக்காரர் நாற்காலியில் உட்காராமல் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய், முடிச்சு, டப்பா, மூன்று நாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. "வளர்ப்புன்னு நான் சொன்னது தப்பு. காலில விழச் சொன்னாலும் விழறேன்."

சம்பந்தி கோபப்படுவார் என்று நினைத்திருந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகவே வந்திருந்தார். ஆனால் சம்பந்தியின் முகத்தில்தான் ரத்தம் சுண்டியது.

"அப்ப அவன் தள்ளலையா?"

"இல்ல."

"பொய்யும் சொல்லலையா?"

"இல்ல சம்பந்தி."

"நான் அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் பண்ணினேன்." சம்பந்தி தரையைப் பார்த்துப் பேசினார். "'ஏண்டா என்னைத் தலைகுனிய வச்சே'ன்னு கேட்டேன். 'நான் தொடலப்பா'ன்னான். நான் நம்பல. 'அவ்வளவு பெரிய கைவேலைக்காரர் பொய்யா சொல்வாரு'ன்னு கேட்டுட்டு வச்சிட்டேன். அதுக்கப்புறம் அவன் மூணு தடவை கூப்பிட்டான். நான் எடுக்கல."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் வெட்கத்தை இறக்கி வைக்க வந்த இடத்தில் அதை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டோம் என்பது பல்செட்டுக்காரருக்குப் புரிந்தது.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவனைப் பாக்கறது?" என்றார் சம்பந்தி.

"தெரியல" என்றார் பல்செட்டுக்காரர். "நானும் செவ்வாய்க்கிழமையில இருந்து முகமில்லாமதான் அவரைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சம்பந்தி எழுந்து சட்டையை மாட்டினார். பித்தானைத் தப்பாகப் போட்டு, கழற்றி மறுபடி போட்டார். இருவரும் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். மகனின் வண்டி வந்து நின்று, இறங்குகிறவர்கள் இறங்கியதும் சம்பந்தி முன்கதவு வழியே ஏறினார். பல்செட்டுக்காரர் கீழேயே நின்றுகொண்டார்.

கண்ணாடிக்குள் சம்பந்தியின் உதடு அசைவது தெரிந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மருமகன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ரொம்ப நேரம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையை எடுத்து, திரும்பாமலேயே, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே எட்டிப் பார்த்து, "மாமா, ஏறுங்க. வண்டியை எடுக்கணும்" என்றார்.

பல்செட்டுக்காரர் பின்கதவு வழியே ஏறினார். முன்பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.