ஏழாவது முடிச்சு

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை தேவதாஸ்தான் முதலில் பார்த்தான். நாடு முழுசுக்கும் இருபது வருஷத்துக்கான மின்பாதைத் திட்டமாம். தெற்கே கடல்காற்றில் எடுக்கிற கரண்டை வடக்கே கொண்டுபோகும் பெரிய லைன் ஒன்று புதுச்சேரி ஓரமாகவும் வருகிறதாம். ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமை டவுன் மண்டபத்துக்கு வரலாம்.

"இருபத்தேழாம் நம்பர் டவரு எங்க வருது பாரு யக்கா" என்று நோட்டீஸோடு இருந்த வரைபடத்தில் விரலை வைத்தான்.

பக்கத்தில் நின்ற செல்வாம்பாள் அந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். டவருக்குக் குழி தோண்டியே ஐம்பத்தெட்டு வயசைக் கடந்தவள் அவள். வீராம்பட்டினம் போகிற வழியில் இருக்கும் அந்த உப்பங்கழியோரத்தில் முன்பும் ஒரு டவர் நின்றது. குழி அவளும் தேவதாஸும் தோண்டியதுதான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் வந்த தானே புயலில் அது அடியோடு சாய்ந்தது. கூலியாட்கள் ஒழுங்காகத் தோண்டவில்லை என்று காண்ட்ராக்டர் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். மறுபடி அங்கேயே நட்டால் மறுபடி சாயும். பழியும் மறுபடி தோண்டினவர்கள் தலையில்தான் விழும்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்ஜினியர் கவிநிலா திரையில் படம் காட்டிப் பேசினாள். செல்வாம்பாள் எழுந்து நின்றாள்.

"மேடம், இருபத்தேழு நிக்காது. தள்ளி வையுங்க."

பின்வரிசையில் ஒருவர், "டில்லியில போட்ட பிளானும்மா இது. உன் வூட்டுக் கொடிக்கயிறா, தள்ளிக் கட்டறதுக்கு?" என்றார். மண்டபமே சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க. கரண்டு போனா விசிறிக்கப் போறதும் நீங்கதான்" என்றாள் செல்வாம்பாள்.

கவிநிலா சிரிக்கவில்லை. "மண் பரிசோதனையில கெட்டியான தரைன்னு வந்திருக்கேம்மா?"

"மிஷின் எங்க நின்னு தோண்டுச்சு?"

கவிநிலா காகிதத்தைப் புரட்டினாள். "ரோட்டோரமா."

"அங்கதான் தப்பு. சேத்துல எறங்க மாட்டாம ரோட்டு மேலயே நின்னுட்டாங்க. அது லாரி லாரியா கட்டட இடிசல் கொட்டி ஏத்துன மேடு. டவரு வர்ற எடம் நூறு கெஜம் உள்ள."

மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நீட்டினாள். முழத்துக்கு ஒரு முடிச்சு. குழி தோண்டுகிறவர்கள் ஆழத்தை அளப்பது அதில்தான். "ஆறு முடிச்சு மணலு. ஏழுல கருஞ்சேறு. அன்னிக்கே கடப்பாரைய வுட்டுப் பாத்தேன், தானா உள்ள போவுது. போதும் மூடுன்னுட்டான் மேஸ்திரி."

"நாளைக்குக் காலையில வர்றேன். நீங்களும் வாங்க" என்றாள் கவிநிலா.

மறுநாள் முழங்கால் சேற்றில் இறங்கி, தேவதாஸ் நீளக் குழாயைத் திருகித் திருகி அழுத்தினான். கயிறும் கூடவே இறங்கியது. ஆறு முடிச்சு வரை மூச்சு வாங்கினான். ஏழில் குழாய் சடாரென்று இறங்க, அவனும் குப்புற விழுந்தான். இழுத்துப் பார்த்தால் குழாய் வாயில் கருகருவென்று சேறு, நடுவே ஆளிச்சிப்பி.

"யக்கா, என் மூஞ்சிய வச்சே நிரூபிச்சிட்டியே!"

கவிநிலா அந்தச் சேற்றை விரலில் தொட்டுப் பார்த்தாள். "பதினாலு வருஷமா இத யார்கிட்டயும் சொல்லலியாம்மா?"

"யாரு கேட்டா?"

மூன்று மாதம் கழித்து அதே மண்டபத்தில் அடுத்த கூட்டம். திரையில் நேராக வந்த சிவப்புக்கோடு கழிக்கு முன்னால் வளைந்து, பனைமரத்து மேட்டில் ஏறி, மறுபடி வடக்கே போனது. பழைய டவர் சாய்ந்ததற்குக் காரணம் அடிமண்தான், குழி தோண்டியவர்கள் இல்லை என்று அறிக்கையிலேயே எழுதியிருப்பதைக் கவிநிலா உரக்கப் படித்தாள். இந்த லைன் போகிற வழியெல்லாம், இடத்தை முடிவு செய்யுமுன் அந்தந்த ஊரில் குழி தோண்டுகிறவர்களை விசாரிக்கணும் என்றும் சேர்த்திருந்தார்களாம்.

போன தடவை சிரித்த மண்டபம் இப்போது எழுந்து நின்று கை தட்டியது. கொடிக்கயிறு பேசியவர்தான் கடைசிவரை தட்டினார்.

"டில்லிக் கோட்டையே வளைச்சிட்டா எங்க யக்கா!" என்று தேவதாஸ் விசிலடித்தான்.

செல்வாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிவிட்டு மேடையைப் பார்த்துக் கேட்டாள்:

"மேட்டுல குழி என்னிக்கு மேடம் எடுக்கணும்? மொதக் கடப்பாரை நான்தான் போடுவேன்."