ஆற்றைச் சொல்ல மறந்தவன்

கிளையை முறித்தபோது முள் லிண்டானியின் உள்ளங்கையில் ஏறியது. அவன் முனகக்கூட இல்லை. வாயைத் திறந்தால் இனி அண்ணனிடம் மட்டும்தான் பேச வேண்டும். வீடு போய்ச் சேரும்வரை உயிரோடு இருப்பவர் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது.

காட்டிலந்தையில் இரண்டு வகை முள். ஒன்று முன்னே போகச் சொல்லும், ஒன்று பின்னால் வளைந்து வந்த வழியைப் பார்க்கும். இறந்தவரை வீட்டுக்கு அழைத்துப் போக அந்தக் கிளைதான் வேண்டும்.

நேற்றுக் காலை இந்த மருலா மரத்தடியில்தான் பெகானி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். இருபத்திரண்டு வருடம், விலங்கு பார்க்க முகாமுக்கு வரும் வெள்ளைக்காரர்களை இந்தக் காட்டில் நடத்திக்கொண்டு போனவன். உடல் வீட்டுக்கு வந்துவிட்டது, நாளை அடக்கம். ஆனால் ஆள் இன்னும் இங்கேதான் இருக்கிறான். அழைக்கத் தம்பியை விட்டால் வேறு ஆள் இல்லை.

"நாலு வருசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவன் கூப்பிட்டா அந்த மனுசன் வருவாரா?" என்று அண்ணி நோமுசா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

கேட்டதில் தப்பில்லை. லிண்டானி மானுக்கு வைத்த சுருக்குக் கம்பியைக் கண்டுபிடித்து, அது யாருடையது என்று மேலிடத்தில் சொன்னவன் பெகானிதான். லிண்டானிக்கு முகாம் சமையற்கட்டு வேலை அன்றோடு போனது. பேச்சும் போனது. இன்று அண்ணன் வர மறுத்தால் நாளை வெறும் உடம்பைத்தான் புதைப்பார்கள். அவன் இந்தக் காட்டில் தனியாகத் திரிவான்.

அண்ணன் சாய்ந்த இடத்தில் புல் இன்னும் நிமிரவில்லை. கிளையால் அதைத் தொட்டான்.

"அண்ணே. நான்தான். எந்திரி, வீட்டுக்குப் போலாம். அண்ணி உன்னத்தான் பாத்துட்டு இருக்கு."

அதுவரை கத்திக்கொண்டிருந்த பறவைகளின் சத்தம் நின்றுவிட்டது. காட்டில் அப்படி நிற்பதுண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தான்.

பாதையில் முகாம் ஓட்டுநர் மக்காயா திறந்த வண்டியோடு காத்திருந்தான். பின்னிருக்கையில் ஒரு டென்மார்க்கு அம்மா. பெகானி விழுந்தபோது பக்கத்தில் இருந்தவள், பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறாள். அவளுக்கும் லிண்டானி உட்கார வேண்டிய ஓரத்துக்கும் நடுவே ஓர் இடம் இருந்தது. அதில் அவள் பை.

அது அண்ணனின் இடம் என்று எப்படிச் சொல்வது? பையையே பார்த்தான். அவளுக்குப் புரியவில்லை.

"இப்ப வண்டியில ஏறுறோம் அண்ணே," என்று மட்டும் சொன்னான்.

"அவர் யாருகிட்ட பேசுறாரு?" என்றாள் அவள்.

"செத்தவர்கிட்டம்மா. உயிரோட இருக்கறவங்களுக்கு இன்னைக்கு லீவு," என்றான் மக்காயா. சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

வண்டி கிளம்பியது. லிண்டானி அண்ணனுக்கு மேட்டைச் சொன்னான். திருப்பத்தைச் சொன்னான். வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தால்தான் இறந்தவர் கூட வருவார். ஆறு நெருங்கும்போது அந்த அம்மா வாயைத் திறந்தாள்.

"கடைசியா அவர் ஒரு வார்த்தை சொன்னாரு. அதையே ரெண்டு தடவ. 'லிண்டானி, லிண்டானி'ன்னு. அதுக்கு என்ன அர்த்தம்?"

மக்காயா கண்ணாடியில் லிண்டானியைப் பார்த்தான். பார்வையை எடுத்துக்கொண்டான்.

"எங்க பாஷையில 'காத்திருங்க'ன்னு அர்த்தம்மா."

பொய்யில்லை. காட்டில் நடக்கும்போது பெகானி நாளுக்கு நூறு தடவை சொல்லும் சொல்தான். கூட வந்தவர்களை நிற்கச் சொன்னானா, தம்பியைக் கூப்பிட்டானா? எப்படி, எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னான் என்று லிண்டானி கேட்கத் துடித்தான். கேட்க முடியாது. கண்ணில் நீர் முட்ட, கிளையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சக்கரத்துக்கடியில் தண்ணீர் சலசலத்தது, பிறகு ஓய்ந்தது.

"யாரையோ விட்டுட்டு வந்துட்டோமே," என்றாள் அந்த அம்மா, திரும்பிப் பார்த்தபடி. "அக்கரையில ஒரு ஆள் நிக்கிறாரு."

மக்காயா வண்டியை நிறுத்தினான். அக்கரையில் ஆள் இல்லை. ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று பாதையோரம் நின்று, துதிக்கையை நீட்டி, தன் முன்னால் இருந்த வெறும் காற்றை முகர்ந்துகொண்டிருந்தது.

லிண்டானிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆற்றைச் சொல்லவில்லை.

சிங்கத்தைக் கண்டால் சிரிக்கிற பெகானிக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். சின்ன வயதில், கண்ணெதிரே கன்றுக்குட்டியை முதலை இழுத்துப் போனதைப் பார்த்தவன். முழங்கால் ஆழத்துக்கும் தம்பியின் கையைத் தேடுவான்.

லிண்டானி வண்டியிலிருந்து குதித்து இறங்கினான்.

"டேய், யானை நிக்குது. புத்தி கெட்டுப் போச்சா?" என்று மக்காயா கத்தினான்.

லிண்டானி தரைப்பாலத்தில் வந்த வழியே நடந்தான். பாலத்தின் மேல் கணுக்கால் தண்ணீர். அக்கரையில் நின்றபோது யானையின் மூச்சு முகத்தில் பட்டது. அது அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்குப் பார்த்தது. அவர்கள் குலத்துக்கே யானை என்றுதான் பெயர்.

"கட்ஷேனி," என்று குலத்தின் புகழ்ப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான். குரல் உடைந்தது. "மறந்துட்டேன் அண்ணே. கம்பி வெச்சதும் தப்பு, பேசாம இருந்ததும் தப்பு. ஆறு வந்துருச்சு. பயப்படாத, கையப் புடிச்சுக்க."

கிளையை வலக்கைக்கு மாற்றி, இடக்கையைப் பின்னால் நீட்டினான். யானை இரண்டடி ஒதுங்கியது.

நடந்தான். ஒவ்வொரு அடியையும் சொன்னான். "இங்க வழுக்கும். இன்னும் கொஞ்சம்தான். கரை வந்துருச்சு." நீட்டிய கையைக் கடைசிவரை மடக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வண்டியில் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தான். மக்காயா அவசரமாக வண்டியைக் கிளப்பினான்.

"லிண்டானி," என்றாள் அந்த அம்மா.

அவள் அவனைக் கூப்பிடவில்லை, நிற்கச் சொன்னாள். அவள் கண் வண்டியின் படியில் இருந்தது. மக்காயாவின் கால் தானாகப் பிரேக்கில் போயிற்று. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால்களை ஒடுக்கி வழி விட்டாள்.