மொத லோடும் செராமிக் பூச்சும்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. சின்னமனூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். புத்தம்புது லோடு வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. சீட்டுக்குப் போட்ட பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஓட்டி வந்தவர் எங்கள் ஊர் சுருளியாண்டி. "ஓடைப்பட்டிக்குத்தான ஆத்தா, ஏறுங்க" என்றார்.

பாதி வழியில் கேட்டார்: "கதையெல்லாம் எழுதுறீகளே, புது வண்டிக்கு செராமிக் கோட்டிங் அடிக்கணுமா, வேணாமா?"

எனக்கென்ன தெரியும்? நாலு பேரிடம் விசாரித்துக் கட்டுரையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அது கதையாகிப் போனதற்கு நான் பொறுப்பில்லை, கண்ணுகளா. அந்த மனுசர் கேட்டது பெயிண்டைப் பற்றி இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'மேகமலைப் பக்கம் கருக்கல் கட்டி நின்ற ஒரு...'

வேண்டாம். மேகம் தன் முறைக்குத் தானே வரும்.

அடுத்த தொடக்கம்: 'செராமிக் கோட்டிங் என்பது பெயிண்டின் மேல் பூசுகிற, கண்ணாடி மாதிரியான மெல்லிய பூச்சு.' இது தேவலை. பூசினால் சேறு லேசில் ஒட்டாது, தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், வெயிலில் நிறம் சீக்கிரம் வெளுக்காது. ஆனால் பழப்பெட்டி உரசினால் கீறல் விழத்தான் செய்யும். ஆகவே வண்டி கழுவுகிறவருக்கு லாபம், லோடு ஏற்றுகிறவருக்கு... (இந்த வரியை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

இன்னொன்றும் சொன்னார்கள். பூசுவதற்கு வண்டி ரெண்டு நாள் ஷெட்டில் நிற்கவேண்டும். பூசிய பிறகு ஒரு வாரம் நனையக் கூடாது. சுருளியாண்டி மாட்டிக்கொண்டது இங்கேதான்.

3

ஜக்கம்மாவுக்கு ஓடைப்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம். சுருளியாண்டி அடுத்தவர் வண்டிக்கு டிரைவராக இருந்த காலத்தில், குமுளி மலையில் ஒருமுறை வண்டி சரிந்து அந்தம்மாவின் பழம் அத்தனையும் ஓடையில் கொட்டியது. முதலாளி ஏசினார். ஊரே அவர் தூங்கிவிட்டதாகச் சொன்னது. ஜக்கம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலருகே நின்று, "பழம் அடுத்த காய்ப்புக்கு வந்துரும்ப்பா, நீ எந்திரிச்சு வா" என்றாள். எழுந்து வந்த பிறகும் அவரையே கூப்பிட்டு லோடு கொடுத்தாள்.

சொந்த வண்டி வாங்கினால் மொத லோடு அக்கா தோட்டத்துப் பழம்தான் என்று அன்றைக்கே அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பழம் பதத்துக்கு வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வெட்டு என்று செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து போன். மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். (மேகம் வந்துவிட்டது, பாருங்கள்.)

4

மதன்குமாரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. தேனியில் வண்டிகளுக்குப் பாலிஷ், கோட்டிங் போடும் கடையில் வேலை. அப்பா வேண்டாமென்றும் சுருளியாண்டியின் மகள் நதியா பிடிவாதமாக நின்று கட்டிக்கொண்ட பையன். வாய் ஓயாத வியாபாரியாக ஆக்கிவிடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை. நான் எழுதித் தந்த வசனத்தையெல்லாம் விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கல்யாணமான முதல் தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு வந்தவனைப் பார்க்க மாமனார் அறையை விட்டு வெளியே வரவில்லை. தட்டு அப்படியே திரும்பிப் போனது. அதற்கப்புறம் இப்போதுதான், புது வண்டியின் பூஜைக்கு வந்து, "மாமா, கோட்டிங் நானே என் கையால அடிச்சுத் தாரேன்" என்றிருக்கிறான். முதலாளியிடம் கெஞ்சி வெள்ளிக்கிழமைக்கு ஷெட்டை வாங்கியிருந்தான். அதை விட்டால் வேறு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. புதுசிலேயே, கீறல் விழும் முன்னாலேயே அடித்தால்தான் நல்லது என்றும் சொன்னான்.

தள்ளிப்போடச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். ஒருமுறை தட்டைத் திருப்பி அனுப்பிய வாயால் எப்படிச் சொல்வார்?

5

பூஜையன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுருளியாண்டியின் மனைவி பாண்டீஸ்வரி புது வண்டிக்குப் பொட்டு வைத்த கையோடு, பக்கத்தில் நின்ற மருமகனின் பைக்குக்கும் மரியாதையாகச் சந்தனம் வைத்தாள். பைக் டேங்க் செராமிக் பூசியது. தண்ணியாகக் கரைத்த சந்தனம் நிற்காமல் வழுக்கிக் கீழே இறங்கியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் இறங்கியது.

"பாத்தீகளா அத்தை, ஒண்ணும் ஒட்டாது" என்றான் மதன்குமார், பெருமையாக.

பாண்டீஸ்வரிக்கு முகம் செத்துவிட்டது. பொட்டு தங்காத வண்டியில் சாமி எப்படித் தங்கும் என்று ராத்திரி முழுக்கப் புருசனிடம் புலம்பியிருக்கிறாள்.

6

முடிவுகள்.

முதலாவது: வண்டி ஷெட்டுக்குப் போகிறது. ஜக்கம்மா பழம் வேறு வண்டியில் ஏறுகிறது. "அதனால என்னப்பா" என்கிறாள் அவள். இதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அந்த 'அதனால என்னப்பா'வைக் கேட்டுக்கொண்டு சுருளியாண்டியால் ஒரு வாய் சோறு இறக்க முடியாது.

இரண்டாவது: 'உங்க அத்தைக்குப் பயம், பொட்டு நிக்காதாம்' என்று அவர் சொல்லித் தப்பிக்கிறார். நல்ல உபாயம், பொய்யும் இல்லை. ஆனால் இதை யோசித்ததுமே பாண்டீஸ்வரி முந்திக்கொண்டாள்: "இந்தா, என் தலையில கட்டிப்புட்டு நீரு நல்ல மாமனாரா நிக்காதீரும். அவன் மொகத்தைப் பாத்து நீரே சொல்லும்."

அதனால் மூன்றாவது. இது நடந்தது.

7

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சுருளியாண்டி தோட்டத்துக்குப் போகவில்லை. நேரே தேனிக்கு விட்டார். போனில் சொல்கிற விசயமா அது?

மதன்குமார் ஷெட்டில் தூசி கிளம்பாமலிருக்கத் தரையை நனைத்து வைத்திருந்தான். புதுத் துணிகள் மடித்தபடி இருந்தன. செருப்பைக்கூட வெளியே கழற்றிப் போட்டிருந்தான். கதவை முழுக்கத் திறந்து, 'வாங்க, வாங்க' என்று கை காட்டினான். வண்டி வாசலோடு நின்றுவிட்டது. சுருளியாண்டி இறங்கினார். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு அந்த வெறுங்காலைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மாப்ளே, ஒங்க மனசுக்கு நான்..."

மதன்குமார் அவரைத் தாண்டி, உறுமிக்கொண்டு நிற்கிற வண்டியைப் பார்த்தான்.

"ஏன் மாமா, வண்டிய ஆப் பண்ணலையா?"

அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். உங்களுக்கும் ஒரே நாளில் ரெண்டு பேருடைய நல்ல மனசுக்கும் பதில் சொல்ல வேண்டிய நேரம் ஒன்று இருந்திருக்கும், கண்ணுகளா. அன்றைக்கு நீங்கள் சொன்னதை, இல்லை சொல்லியிருக்க வேண்டியதை, அவர் வாயில் வையுங்கள். அந்தப் பையன் சொன்ன 'மாமா' மட்டும் கெட்டுவிடக் கூடாது.

சீக்கிரம் சொல்லுங்கள். ஜக்கம்மா தோட்டத்தில் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.