தலையில் ஒட்டிய மீன் எண்ணெய் மாத்திரை

1

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் இடது பொட்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ஒரு மீன் எண்ணெய் மாத்திரையிலிருந்து வந்தது. பேட்டி என்றால் உள்மனம், கரு என்று எதையாவது அளந்துவிடுவேன். இந்தத் தடவை அதற்கு வழியில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள்.

மார்ச் மாதம். பத்து நாளாகத் தலைவலி. டாக்டர் கொடுத்த சீட்டோடு தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன் (பெயர் சொல்ல மாட்டேன், நீங்கள் போய் ஜெக்கரியாவைத் தொந்தரவு செய்வீர்கள்). ஜெக்கரியா அங்கே எம்.ஆர்.ஐ. எடுக்கிற டெக்னீஷியன். என்னைப் படுக்க வைத்துக்கொண்டே கேட்டார்.

"எந்த இடத்துல சார் வலிக்குது?"

கேட்டிருக்கக் கூடாது. கதை எழுதுகிறவனிடம் போய் வலியைப் பற்றிக் கேட்பார்களா? இடது பொட்டு, அதற்குள்ளே ஒரு குடைச்சல், அந்தக் குடைச்சலுக்கு ஒரு தாளம் என்று ஏழு நிமிடம் விவரித்தேன். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

"சரி சார், சரி. அந்த இடத்துல மாத்திரை ஒட்டிடறேன். மேடம் நல்லா உத்துப் பாப்பாங்க" என்று ஒட்டிவிட்டு, என்னைக் குழாய்க்குள் தள்ளினார்.

* அடிக்குறிப்பு போல ஒன்று: மீன் எண்ணெய் மாத்திரை ஸ்கேன் படத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும். படம் பார்க்கிற டாக்டருக்கு அது ஓர் அடையாளம். ஜெக்கரியா எல்லோருக்கும் ஒட்ட மாட்டார். வலிப்பு என்று வருகிறவர்களிடம் "எந்தக் கை முதல்ல இழுக்குது?" என்று விசாரிப்பார். இடது கை என்றால் தலையின் வலது பக்கம் ஒட்டுவார். மூளை பக்கம் மாறி வேலை செய்கிறதல்லவா. வெறும் தலைவலிக்காரனுக்கு அவர் ஒட்டியது அதுதான் முதல் தடவை. என் வாயை அடைக்க வேறு வழி தெரியவில்லையாம்.

2

கதை என்னுடையதில்லை. எனக்கு முன்னால் ஸ்கேன் எடுத்துக்கொண்ட செம்மொழியுடையது. அவளை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

'பயந்த மான்விழிகளோடு அந்தப் பெண் மூலையில்...'

(விட்டுவிட்டேன். இதைப் படித்த செம்மொழி, "பயந்த கண்ணா? நான் அப்ப தூங்கிக்கிட்டுல்ல சார் இருந்தேன்" என்றாள்.)

'வலங்கைமானை அடுத்த ஊரிலிருந்து வந்த ஏழை விவசாயியான சாமிதுரை...'

(இதுவும் போயிற்று. "ஏழையா? எங்கப்பா காதுல விழுந்துதுன்னா, பஸ் ஏறி வந்துடுவாரு.")

ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். செம்மொழிக்கு வயது பத்தொன்பது. பி.காம். இரண்டாம் வருடம். ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. இடது கை விரல்கள் முதலில் துடிக்கும், பிறகு நினைவு போய்விடும். மூன்று விதமான மாத்திரை சாப்பிட்டும் மாதம் நான்கு தடவையாவது வந்துவிடுகிறது. வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே ஒரு வாய்க்கால், அதன்மேல் கைப்பிடி இல்லாத ஒரு சிறிய பாலம். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் அவள் அதைத் தனியாகத் தாண்டியதே இல்லை. அப்பா சாமிதுரை பத்தடி பின்னால் வருவார். கூடவே வந்தால் மகளுக்குக் கோபம் வரும் என்பதால் அந்தப் பத்தடி.

அதுவரை இரண்டு தடவை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். இரண்டிலும் 'நார்மல்'.

உங்களுக்கும் எனக்கும் அது நல்ல சேதி. அவர்களுக்கு அது பேரிடி. மூளையில் இன்ன இடத்தில் கோளாறு என்று தெரிந்தால், அதை மட்டும் அறுத்து எடுத்து வலிப்பை நிறுத்த முடியலாம். இடமே தெரியாவிட்டால் காலம் முழுக்க மாத்திரைதான். மகளின் தலைக்குள் ஒரு புள்ளி தெரிய வேண்டும் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்ட தகப்பனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மார்ச்சில் எடுத்தது மூன்றாவது ஸ்கேன். சென்டரில் படம் பார்க்கிற டாக்டர் ஹமீதா பானு அதை ஒரு மணி நேரம் பார்த்தார். மறுபடியும் நார்மல்.

3

இங்கே சுடர்விழி வருகிறாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஸ்கேன் படத்தில் மூளைக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆழ்கற்றல் என்று பெயர். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்: ஜெக்கரியா எடுத்த, கோளாறு உறுதியான பழைய படங்களில் ஹமீதா பானு அதன் எல்லையை மவுஸால் வரைந்து கொடுப்பார். ஒரு தலைக்கு நூற்றுக்கும் மேல் படங்கள், அடுக்கடுக்காக. கோளாறு இல்லாத தலைகளையும் சேர்த்து இப்படி நானூறு. கம்ப்யூட்டர் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தப்பாகச் சொல்லித் திருத்தப்பட்டு, மறுபடி சொல்லி, கடைசியில் புதுப் படத்தில் சந்தேகமான இடத்துக்குத் தானே சிவப்பு பூசும். யாரும் அதற்கு விதி எழுதிக் கொடுப்பதில்லை. கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியது. சுடர்விழி அன்றைக்கு எடுத்த படங்களை அதற்குக் கொடுத்தாள். செம்மொழியின் வலது பக்கத்தில் சிவப்பு! மூன்று தடவை நார்மல் என்ற தலையில்!

சுடர்விழி பிறந்தது வேர்க்கடலை அளவு வீட்டில், வளர்ந்தது... (வேண்டாம். அவளுக்கு ஒரு சோகப் பின்கதை வைக்கப் பார்த்தேன். அவள் செய்த தப்பை அது மூடிவிடும்.) தப்பு இதுதான்: ஹமீதா பானுவிடம் காட்டுவதற்கு முன்பே சாமிதுரைக்குப் போன் போட்டுவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை, பாவம்.

அதே நாளில் கம்ப்யூட்டர் என் தலையிலும் சிவப்பு பூசியிருந்தது. இடது பொட்டுக்கு நேர் உள்ளே.

4

"சார், இன்னொரு தடவை எடுக்கணும், வர்றீங்களா?" என்று ஜெக்கரியா கூப்பிட்டபோது, நான் போகிற வழியில் என் இரங்கல் குறிப்பை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். நன்றாகவே வந்திருந்தது.

ஸ்கேன் முடிந்தது. கம்ப்யூட்டர் அறையில் ஹமீதா பானு, சுடர்விழி, ஜெக்கரியா மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். ஹமீதா பானு திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. அன்னிக்கே சொன்னேன். மெஷின்தான் ஒத்துக்கல. இன்னிக்கு மெஷினும் ஒண்ணுமில்லேங்குது" என்றார்.

"அப்ப அன்னிக்கு பூசினது எங்க போச்சு மேடம்?" என்றாள் சுடர்விழி.

ஜெக்கரியா தொண்டையைச் செருமினார். "மேடம்... அன்னிக்கு சாருக்கு மாத்திரை ஒட்டினேன். இன்னிக்கு ஒட்டல."

சுடர்விழி நானூறு தலைகளின் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள். கோளாறு உள்ள தலை, பக்கத்தில் வெள்ளைப் புள்ளி. கோளாறு உள்ள தலை, வெள்ளைப் புள்ளி. ஒன்றும் இல்லாத தலை, புள்ளியும் இல்லை. ஜெக்கரியா சந்தேகப்பட்டு ஒட்டிய இடத்தில் பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் கோளாறு இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் மூளையைப் பார்க்கவே இல்லை. மாத்திரையைத் தேடி, பக்கத்தில் சிவப்பு பூசியிருக்கிறது. ஜெக்கரியா வலது பக்கம் ஒட்டிய செம்மொழி தலையிலும் அப்படித்தான்.

"நாலு மாசமா அது உங்களத்தான் படிச்சிருக்கு பாய்" என்றாள் சுடர்விழி. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

"அல்லாவே! நான் இனிமே யாருக்கும் ஒட்ட மாட்டேம்மா."

"சும்மா இருங்க ஜெக்கரியா" என்றார் ஹமீதா பானு. "எனக்கு அது வேணும். மெஷின் கண்ணுல படக் கூடாது, அவ்வளவுதான்."

அதற்குள் வெளியே சாமிதுரை வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய ஸ்கேன் கவர்கள், கையில் இனிப்புப் பொட்டலம். பக்கத்தில் செம்மொழி. சுடர்விழி ஓடி ஒளியவில்லை. நேரே போய் அவர்கள் முன்னால் நின்று, மாத்திரை விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னாள். தன் மேல்தான் தப்பு என்றாள்.

சாமிதுரை பொறுமையாகக் கேட்டார். "அப்ப மறுபடியும் நார்மலாம்மா?"

"தெரியலைங்க ஐயா."

அவர் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு அதைச் சுடர்விழியிடமே கொடுத்துவிட்டு, "வந்தது வந்தாச்சு, சாப்பிடுங்க" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஏழு நிமிடப் பேச்சு இல்லாவிட்டால் அவர் நம்பிக்கை அன்றைக்கு உடைந்திருக்காது. பொய்யான நம்பிக்கைதான், இருந்தாலும்.

5

(இந்தப் பகுதியை எழுத எனக்குத் தகுதி இல்லை. வேலை செய்வதைப் பற்றி எழுதுவது எனக்கு எப்போதுமே வராது. யாரையாவது சாகடித்துப் பழகிவிட்டேன்.)

சுடர்விழி எல்லாப் படங்களிலும் மண்டையோடு, தோல், மாத்திரை அத்தனையையும் வெட்டி எறிந்தாள். மூளை மட்டும் மிஞ்சியது. முதலிலிருந்து கற்றுக்கொடுத்தாள். தொண்ணூற்றாறு வாங்கிய கம்ப்யூட்டர் நாற்பத்தொன்று வாங்கியது. அந்த மதிப்பெண்ணைச் சுவரில் எழுதி ஒட்டினாளே, அங்கேதான் நான் அவளுக்கு ரசிகனானேன். ஹமீதா பானு தினமும் வேலை முடிந்ததும் உட்கார்ந்து, பழைய எல்லைக்கோடுகளை இன்னும் நுணுக்கமாக வரைந்தார். நாற்பத்தொன்று ஐம்பத்தாறாயிற்று. வேறு ஊர்ப் படங்கள் வந்தன. எழுபது. எழுபத்தெட்டு.

ஜூன் கடைசியில் செம்மொழியின் படத்தை மறுபடி கொடுத்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்த வாரம் அது. நானும் இருந்தேன், தலைவலி போய்விட்டது, அங்கே போகிற வழக்கம் போகவில்லை.

வலது பக்கம்தான். ஆனால் மாத்திரை இருந்த இடத்துக்கு இரண்டு விரற்கடை முன்னால், ஒரு மடிப்பின் அடியில், ஒரு நெல் அளவு சிவப்பு.

ஹமீதா பானு சிவப்பை அணைத்துவிட்டு, அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்தார். மூளையின் சாம்பலுக்கும் வெள்ளைக்கும் நடுவே இருக்க வேண்டிய கோடு அங்கே மட்டும் கலங்கியிருந்தது.

"இருக்கு" என்றார். "மூணு பேர் பாத்தும் விட்டிருக்கோம். அதுல நானும் ஒருத்தி." பிறகு திரையைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளையைச் சொல்வதுபோல், "கெட்டிக்காரி" என்றார். சுடர்விழியையா, கம்ப்யூட்டரையா என்று நான் கேட்கவில்லை. என் பங்குக்கு இரண்டையும் சேர்த்தே கொண்டாடினேன். ஜெக்கரியா மட்டும் மெதுவாக, "பக்கம் சரியாத்தானே ஒட்டியிருக்கேன்?" என்றார்.

இந்தத் தடவை சுடர்விழி போனை எடுக்கவே இல்லை. நரம்பியல் டாக்டர் பார்த்து, அவர்தான் சாமிதுரையைக் கூப்பிட்டுச் சொன்னார். சென்னையில் ஒரு வாரம் தங்க வேண்டும். தலையில் ஒயர்களை ஒட்டி, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். அதுவும் அதே நெல்லைக் காட்டினால் ஆபரேஷன். காட்டாவிட்டால் இல்லை. வருகிற திங்கட்கிழமை சேர்க்கிறார்கள்.

6

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்திரிகைக்காரர் நாளைக்குள் கதையைக் கேட்கிறார்.

முடிவு அ: ஸ்கேனும் ஒயரும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. ஆபரேஷன். வலிப்பு நின்றுவிடுகிறது.

முடிவு ஆ: நெல் வெறும் நிழல். சாமிதுரை கவர்களை மடியில் வைத்துக்கொண்டு வலங்கைமான் பஸ்ஸில்...

முடிவு இ: ஆபரேஷன் நடக்கிறது, ஆனால் வலிப்பு முழுதாக நிற்காமல், வருடத்துக்கு ஒன்று என்று...

மூன்றையும் செம்மொழியிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் தோன்றுகிறது. நிதானமாகப் படித்தாள்.

"எல்லாத்துலயும் மெஷின் என்ன சொல்லுது, டாக்டர் என்ன சொல்றாங்கன்னே இருக்கு. நான் என்ன பண்றேன்னு ஒண்ணுத்துலயும் இல்லையே சார்."

பேனாவை வாங்கி மூன்றையும் அடித்தாள். கீழே ஒரு வரி எழுதினாள்:

'ஆடி மாதம் வாய்க்கால் நிறையத் தண்ணீர் போனபோது, செம்மொழி பாலத்தில் கால் வைத்தாள்.'

"அப்புறம்?" என்றேன்.

"அது திங்கக்கெழமைக்கு அப்புறம்."

ஆகவே நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பாலத்தைத் தாண்டப் பதினான்கு எட்டு வைக்க வேண்டும். நான் நடந்து எண்ணிப் பார்த்துவிட்டேன். மீதியை நீங்கள் எழுதுங்கள், அவளை எப்படி வேண்டுமானாலும் நடக்க விடுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பத்தடி பின்னால் சாமிதுரையை வர வைக்காதீர்கள்.