பாடம் சொல்வது, நாம் சேர்ப்பது

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கினேன். ஒரு டம்ளர் டீ போட்டேன். நேற்றைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். சட்டை தேய்த்தேன். புத்தூரில் பஸ் ஏறி, பிச்சாட்டூருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினேன். அங்கே அரசுத் தொடக்கப்பள்ளி. நாலாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன்.

கரும்பலகையில் மூன்று வரி எழுதினேன். கன்னிகா சந்தைக்குப் போனாள். வெறும் பையோடு திரும்பினாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஏன் சிரித்தாள்?"

"காச தொலைச்சுட்டா சார்."

"தொலைச்சா சிரிப்பாளாடா, லூசு?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"கோழி கொண்டுபோயி வித்துட்டா சார்," என்றான் சிரஞ்சீவி.

"கோழி எங்கே இருக்கிறது? விரலை வை."

அவன் எழுந்து வந்து, மூன்றாம் வரிக்குக் கீழே வெற்றிடத்தில் விரலை வைத்தான். "இங்கதான் சார். நீங்க எழுதாம வுட்டுட்டீங்க."

வகுப்பே சிரித்தது. நான் பலகையின் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம், பாடம் சொல்வது. வலப்பக்கம், நாம் சேர்ப்பது. கோழியை வலப்பக்கம் எழுதினேன். சேர்ப்பது தப்பில்லை, அது இல்லாமல் படிக்கவே முடியாது. ஆனால் சேர்த்தது நாம்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொன்னேன்.

இன்டர்வெல்லில் எல்லோரும் ஓடினார்கள். கேசியா மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் சர்ச் பிள்ளை. ஓய்வுநாள் பள்ளியில் என் மனைவி தபிதாவிடம் படித்தவள்.

"சார், ஞாயித்துக்கெழம தபிதா அக்காவோட நினைவு ஆராதனையில நான் பேசணும். உங்க மாமியார் சொல்லிக் குடுத்தாங்க. கடைசியா அக்கா, 'இயேசுவே, இதோ வருகிறேன்'னு சொன்னாங்களாம்."

"சரி."

"அத எந்தப் பக்கம் சார் எழுதறது?"

நான் டஸ்டரை எடுத்தேன். பிறகு வைத்தேன்.

"ஆம்புலன்ஸ்ல அக்காகூட யாரு இருந்தது?"

"நான்தான்."

"உங்க மாமியார்?"

"இல்லை."

"அப்ப அவங்க சேத்துக்கினாங்க."

ஒரு வருஷமாக எல்லோரும் அந்த வாக்கியத்தை என்னிடமே சொன்னார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. மாமியார் அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்காது. அதனால் நானும் விட்டுவிட்டேன்.

"மாமியார் மனசு கஷ்டப்படும், கேசியா."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. அக்கா சொல்லாதத அக்கா சொன்னாங்கன்னு எல்லார் முன்னாடியும் எப்படி சார் சொல்றது? அக்கா என்ன சொன்னாங்கன்னு நீங்க சொல்லுங்க, அதையே சொல்றேன். இல்லன்னா வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இடப்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

சனிக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அவ அப்படிச் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்பா," என்றார்.

"தெரியும் அத்தை."

"இதுவும் அவதான். சின்னதுல ரயில்வே கேட்டாண்ட நின்னாள்னா இழுத்துக்கினு வர முடியாது." முறத்தை எடுத்தார். "அந்தப் பொண்ண இதையே சொல்லச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. மாமியார் முன் வரிசையில் உட்கார்ந்தார். கேசியா எழுந்து நின்றாள். கையில் தாள் இல்லை.

"புத்தூர்லேருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, வழியில கேட் போட்டுட்டாங்க. ஆம்புலன்ஸ் நின்னுச்சு. கூட்ஸ் வண்டி ஒண்ணு ரொம்ப நேரம் போச்சு. அக்கா கண்ணத் தொறந்து, சாரப் பாத்தாங்க. அவங்க கடைசியா சொன்னது இதுதான். பக்கத்துல இருந்து கேட்டவரு சொன்னது."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"'ஏங்க, எத்தினி பொட்டி? எண்ணுனீங்களா?'"