கோழிக்குப் பந்தி வஞ்சனை

பமேலா முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னாள். "அக்கா, பவுடர் ஒன்னாம் கொட்டகைக்கு மட்டும்தான். ரெண்டாவதுக்கு வெறும் தடுப்பு மருந்து. மாத்திடாதீங்க லா."

தீவனக் கம்பெனிப் பெண் அவள். டுரியான் துங்காலில் எங்கள் முதலாளி தவுக்கேயின் கோழிப் பண்ணைக்கு ஒரு சோதனைக்காக வந்திருந்தாள். கருஞ்சீரகம், மஞ்சள், கீழாநெல்லி, அதோடு தயிரில் இருப்பது போன்ற நல்ல கிருமி, எல்லாம் கலந்த பவுடர். தடுப்பு மருந்து போடும் சமயத்தில் பத்து நாள் தண்ணீரில் கலந்து கொடுத்தால் மருந்து இன்னும் நன்றாகப் பிடிக்குமா என்று பார்க்க வேண்டுமாம். அப்படிப் பிடித்தால் தவுக்கே ஆறு கொட்டகைக்கும் வாங்குவார்.

பிடிக்க வேண்டுமென்று அவளைவிட எனக்குத்தான் ஆசை. போன வருஷம் வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரு கொட்டகையே போனது. அத்தனையும் தடுப்பு மருந்து போட்ட கோழிகள். நான்தான் குழியில் தள்ளினேன். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பமேலாவிடம் தலையை நன்றாகத்தான் ஆட்டினேன். ஆனால் காலையில் ஒன்றாம் கொட்டகைக்குப் பவுடரைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, வெறும் தண்ணீரோடு இரண்டாவதற்குள் நுழைந்தால், அத்தனையும் கழுத்தை நீட்டிக்கொண்டு காலடிக்கு ஓடி வந்தன. புக்கிட் காத்தில் ஊர்க் கோயில் அன்னதானத்தில் பதினைந்து வருஷமாகப் பரிமாறுகிறவள் நான். ஓர் இலைக்கு அப்பளம் வைத்துவிட்டு அடுத்த இலையைத் தாண்டிப் போனேன் என்று ஒருவர் சொல்லட்டும் பார்ப்போம். கோழி என்றால் மட்டும் பந்தி வஞ்சனை செய்யலாமா? மறுநாளிலிருந்து பாக்கெட்டைப் பாதியாகப் பிரித்தேன். இரண்டு கொட்டகைக்கும் அரை அரை. பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

மூன்று வாரம் கழித்து பமேலா இரண்டு கொட்டகையிலும் இரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை முடிவோடு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி இரண்டிலும் ஒரே அளவு.

"தாக் குனா," என்றார் தவுக்கே. பிரயோசனமில்லை, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

பவுடர் நல்லதா இல்லையா, எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாதபடி செய்துவிட்டவள் நான். வாயை மூடிக்கொண்டால் வேலை பத்திரம். ஆனால் அடுத்த முறை கழிச்சல் வந்தால் குழிக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டுமே. அதை நினைத்ததும் பயம் போய் என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"நந்தி டுலு, தவுக்கே!" என்று, பொறுக்கச் சொல்லிக் கத்தினேன். அவர் நின்றார். பாதி மலாயிலும் பாதி அழுகையிலும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

பமேலா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்துக்கிட்டே நிக்குதுங்கம்மா. எப்படிக் கொடுக்காம வர்றது?"

"ஒன்னுக்குக் கொடுக்காம இருந்தாத்தானேக்கா, இன்னொன்னுக்கு அது உதவுச்சான்னு தெரியும்?"

தவுக்கே தலையைச் சொறிந்தார். அடுத்த குஞ்சுகள் வந்ததும் இன்னொரு தடவை, அதுதான் கடைசி என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

குஞ்சுகள் வந்தன. எந்தக் கொட்டகைக்குப் பவுடர் என்று பமேலா சீட்டுக் குலுக்கிப் போட்டு, என்னையே எடுக்கச் சொன்னாள். பிரித்தேன். இரண்டு. அப்படியானால் இந்த முறை ஒன்றாம் கொட்டகைக்கு வெறும் தண்ணீர். கம்பி வலை வழியாக எட்டிப் பார்த்தேன். ஒன்றும் அறியாத குஞ்சுகள் என் காலடியை நோக்கி ஓடி வந்தன.

பவுடர் அலமாரியின் சாவி என் இடுப்பில் இருந்தது. கழற்றிப் பமேலாவின் கையில் வைத்தேன்.

"தினம் நீயே வந்து கலந்து கொடுத்துட்டுப் போம்மா."

"சுங்கை ஊடாங்லேருந்து தினமுமாக்கா? ஏன்? இனிமே நீங்க அப்படிப் பிரிச்சுக் கொடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். என் கையப் பத்தி எனக்குல்ல தெரியும்."